இரண்டு விரல்

பள்ளிக்குப் பூட்டு விழுந்த அன்று
மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை
எதற்கென்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.
அதன் பின்பக்கத் தாள்களில்தான்
அடுத்த வருஷத்து மே மாதம் முழுக்க
காய்ச்சல் கணக்கு எழுதினேன்.

காவேரிப்பட்டணம். ஆற்றோரம் மூன்று தெரு.
நூற்றுப் பதினாறு வீடு.
விரலைக் கவ்வும் ஆக்சிமீட்டர் ஒன்று கொடுத்தார்கள்,
பேட்டரி என் காசு.

"யாருக்காச்சும் சளி, இருமல்?"
"இல்லைங்க டீச்சர்."
"வாசனை தெரியுதா?"
"மாங்கா நாத்தமே தாங்கல, போங்க."
உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.
ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று தொடங்கும் முன்
ஒரு நொடி வரும்.
அதில் இருமல் கேட்கும்.
நான் 'இல்லை' என்று எழுதிக்கொள்வேன்.

கோபமில்லை எனக்கு.
உண்மை சொன்ன வீட்டுக்கு மறுநாளே
சவுக்குக் கம்பும் தகரமும் வந்தன.
தகரம் அடித்த வீட்டு ஆளை
கூழ் ஃபேக்டரி கேட்டில் நிறுத்திவிடுவார்கள்.
வருஷத்துக்கு இரண்டரை மாதம்தான் சீசன்.
கபசுரக் குடிநீரையே
எத்தனை வேளை குடிப்பது?

சாலம்மா வாசலை அடைத்து நின்றாள்.
"அவரு தோப்புக் காவலுக்குப் போயிருக்காரு டீச்சர்."
பின்னால் லோகித்.
கடைசி பெஞ்சு, ஏழாம் வாய்ப்பாட்டில்
எப்போதும் நாற்பத்தொன்பதில் நின்றுவிடுகிறவன்.
அம்மாவின் முதுகுக்குப் பின்னிருந்து
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

என் கை பழக்கத்தில் அசைந்தது:
போ, போய்விட்டு வா.
சொந்த வீட்டில் நின்றுகொண்டு
பர்மிஷன் கேட்கிறான் பார் என்று
சிரிப்புகூட வந்தது.
அவன் போகவில்லை.
விரலை இறக்கவுமில்லை.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கை ஓங்கியபோதுதான்
உறைத்தது.

பின்னறையில் திம்மராயன்: எண்பத்தெட்டு.
ஓசூர் செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு
பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த அவர் தம்பி:
எழுபத்தொன்று.
மீட்டர் பழுதோ என்று
என் விரலில் மாட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு.
வெட்கமாக இருந்தது.

நூற்றெட்டு வரவில்லை.
மாங்காய்க் கூடைகளைத் தெருவில் இறக்கிவிட்டு
முனிரத்னத்தின் குட்டியானை வந்தது, சாக்கு விரித்து.
கிருஷ்ணகிரியில் படுக்கை இல்லை.
தர்மபுரியில் இருக்கிறது என்றார்கள்.
ஒன்று.

யாருக்கு என்று யார் சொன்னார்கள் என்பதை
நான் சாலம்மாவிடம் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு
பிள்ளைகள் எல்லாரும் விரல் காட்டத் தொடங்கினார்கள்,
மொட்டைமாடியில், ஜன்னல் கம்பிக்குள், தண்ணீர்க் குழாயடியில்.
ஒன்று. மூன்று. மூடிய கை என்றால் யாருமில்லை.
பதிவேட்டின் முன்பக்கத்தைத் திருப்பி
அவரவர் பெயருக்கு நேரே குறித்தேன்.
தகரம் அடிக்கிற கோவிந்தராஜு
ஆபீசுக்கு ஃபோன் போட்டு
ஆணி தீர்ந்துபோச்சுங்க என்றார்.
பையில் ஆணி குலுங்கியது.

காய்ச்சல்காரன் பாஸில் பக்கத்து வீட்டுக்காரன்
ஃபேக்டரிக்குப் போனான்.
கேட்டில் இன்னொருவன் பெயரைக் கூப்பிட,
முகக்கவசத்துக்குள்ளிருந்து "உள்ளேன்" என்றான்.
கூலி சாயங்காலம் அந்த வீட்டு வாசற்படியில்,
கல் வைத்து.
வகுப்பில் இதற்கு நான்
பெஞ்சு மேல் நிற்கவைத்திருக்கிறேன்.

எல்லாரும் பிழைக்கவில்லை.
சில பெயர்களுக்கு நேரே உள்ள எண்ணை
நான் அழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

நவம்பரில் பள்ளி திறந்தது.
ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில்
லோகித் இரண்டு விரலைத் தூக்கினான்.
என் கை பைக்குள் ஆக்சிமீட்டரைத் துழாவியது.
"யாருக்குடா?"
கேட்டே விட்டேன்.
வகுப்பு கொல்லென்று சிரித்தது.
"எனக்குத்தான் டீச்சர், அவசரம்!"
கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.